எழுபதுக்குள் ஓடினால் போதுமா?

டியூசன் முடிந்து சைக்கிளில் வீடு திரும்பிய அந்தப் பிள்ளை வேன் மோதி இறந்தது இங்கே எல்லோருக்கும் தெரியும்; அதை மறுபடி விவரிக்க எனக்கு மனம் வரவில்லை. என்னை எழுத வைத்தது அந்தச் செய்தியின் கீழே பலர் ஒரே குரலில் எழுதிய பதில்: "வேன்காரர் எழுபதுக்குள்தானே வந்தார்?"

மணிக்கு எழுபது கிலோமீற்றர் என்பது ஓட வேண்டிய வேகம் அல்ல, அதற்குமேல் போகவே கூடாது என்ற எல்லை. இலங்கையில் கட்டடங்கள் செறிந்த இடங்களில் காருக்கும் மோட்டார் சைக்கிளுக்கும் 50, வெளியே 70, முச்சக்கர வண்டிக்கு 40, அதிவேக வீதியில் 100 என்று வகுத்திருப்பதே, வீதியும் வாகனமும் எங்கும் ஒன்றுபோல் இல்லை என்பதால்தான். மட்டக்களப்பில் கல்லடிப் பாலத்தைத் தாண்டி காத்தான்குடி, ஆரையம்பதி, களுவாஞ்சிகுடி, கல்லாறு, கல்முனை, காரைதீவு, நிந்தவூர் என்று போகிறவர் சொல்லட்டும், ஊர் எங்கே முடிகிறது, 'வெளியே' எங்கே தொடங்குகிறது? கடலுக்கும் வாவிக்கும் வயலுக்கும் இடையிலுள்ள ஒடுங்கிய நிலத்தில் ஊரோடு ஊர் ஒட்டிக்கிடக்கிறது. கொழும்புக்குப் போகும் பஸ்ஸும், நெல் ஏற்றிய உழவு இயந்திரமும், பள்ளிப் பிள்ளையின் சைக்கிளும் அந்த ஒரே பிரதான வீதியான ஏ4இல்தான் போக வேண்டும்.

ஒரு சாரதி ஆபத்தைக் கண்டு பிரேக்கில் கால் வைக்க ஒன்றரை விநாடி எடுத்தால், அதற்குள் 50இல் வரும் வாகனம் சுமார் 21 மீற்றரும், 70இல் வருவது 29 மீற்றரும் ஓடிவிடும். மோதலின் சக்தியோ ஏறக்குறைய இரட்டிப்பாகும், ஏனென்றால் அது வேகத்தின் வர்க்கத்தோடு பெருகுவது. நடப்பவர்களும் சைக்கிள்காரர்களும் வாகனங்களோடு கலக்கும் இடங்களில் 30 போதும் என்று 2020இல் ஸ்டொக்ஹோமில் உலக நாடுகள் கூடிப் பிரகடனம் செய்தன. நாம் இன்னும் எழுபதுக்காக வாதாடுகிறோம்.

என் அம்மாவுக்கு முழங்கால் வலி. எதிரேயுள்ள கடைக்குப் போக பாதசாரிகள் கடக்கும் மஞ்சள் கோட்டின் ஓரத்தில் நிற்பார். ஒரு வாகனம் நின்றால், பின்னால் வருவது அதை முந்திக்கொண்டு வரும். இப்போது கடைக்குப் போவதையே விட்டுவிட்டார். இதுவும் வேகத்தால் வந்த இழப்புத்தான், ஆனால் எந்தப் பொலிஸ் பதிவிலும் இது ஏறாது.

நோயாளியை மட்டக்களப்புப் போதனா வைத்தியசாலைக்கு விரைவாகக் கொண்டுபோக வேண்டாமா என்று கேட்பீர்கள். பத்துக் கிலோமீற்றரை 70இல் ஓடினால் எட்டரை நிமிடம், 50இல் ஓடினால் பன்னிரண்டு. அம்புலன்ஸுக்கு வழிவிட எவரும் மறுக்கவில்லை. அந்த மூன்றரை நிமிடத்தை ஏன் ஒவ்வொரு வேனும் தனக்காகக் கேட்கிறது? மாடுகளையும் வீதியில் காயும் நெல்லையும் முதலில் அகற்றுங்கள் என்பவர்களோடு நான் வாதிட வரவில்லை, அகற்றட்டும். அதற்காகப் பிள்ளை சாக வேண்டியதில்லை.

யுத்தம் முடிந்து வழவழப்பான காப்பெட் வீதி கிடைத்ததே, அதிலும் குறை சொல்கிறாயா என்றும் ஒருவர் எழுதியிருந்தார். அதைப் படித்தபோது உண்மையில் வலித்தது. வீதி எங்களுக்காகப் போடப்பட்டதென்றால், அதன் ஓரத்தில் வாழும் நாங்கள் உயிரோடு அதைக் கடக்கக் கேட்பது நன்றி கெட்டதனமா?

பாடசாலைகள் உள்ள இடங்களில் எல்லையை 30 ஆக்கி, பலகையும் வேகத்தடையும் அமைக்கும்படி வீதி அபிவிருத்தி அதிகார சபைக்கு ஒரு கோரிக்கைக் கடிதம் எழுதியிருக்கிறேன். கையெழுத்திட விரும்பும் பெற்றோர் உட்பெட்டியில் பெயரை அனுப்புங்கள்.