பீநட் பட்டர் ரெண்டு பக்கமும் தடவணும், அவ்ளோதான்

பீநட் பட்டர் (வேர்க்கடலையை அரைச்ச விழுது), ஜெல்லி வெச்சு சாண்ட்விச் செய்யறதைக் காட்டி ஒரு அண்ணா சனிக்கிழமை போட்ட லைவை நானும் முழுசா பாத்துட்டேன், இனிமே யாரும் டேக் பண்ண வேணாம். பதில் சொல்லாம விட்டுடலாம்னுதான் நெனச்சேன், ஆனா கீழ வந்த கமெண்ட்டுங்களைப் படிச்சப்புறம் மனசு ஆறல. ஒரு பிரெட்ல பீநட் பட்டர், இன்னொண்ணுல ஜெல்லி, ரெண்டையும் ஒட்டு, முடிஞ்சுது, இதுக்கெல்லாம் ஒரு முறையான்னு கேட்டு அந்த அண்ணா சிரிச்சாரு பாருங்க, அங்கதான் எனக்கு சுருக்குனு இருந்துச்சு. இருக்கு அண்ணா. முறை இருக்கு.

பீநட் பட்டரை ரெண்டு ஸ்லைஸ்லயும் தடவணும். ஜெல்லி நடுவுல. ஜெல்லி பிரெட்டைத் தொடவே கூடாது.

ஜெல்லின்னா பழச்சாறும் சர்க்கரையும்தான், அதுல இருக்கற தண்ணியை பிரெட் உறிஞ்சிக்கும். பீநட் பட்டர்ல கிட்டத்தட்ட பாதி எண்ணெய், அதைத் தாண்டி ஈரம் சுலபமா போகாது. அவர் கேமரா முன்னாடி செஞ்சாரு, உடனே ஒரு கடி கடிச்சாரு, சூப்பர்ன்னாரு. செஞ்ச கையோட சாப்பிட்டா எப்படி செஞ்சாலும் நல்லாத்தான் இருக்கும். காலைல எட்டு மணிக்கு டப்பாவுல வெச்சு பிள்ளை பன்னெண்டு மணிக்குத் தொறக்கறானே, அவனுக்கு என்ன பதில்?

எங்க வீட்டுல நடந்ததைச் சொல்றேன். நான் நைட் ஷிப்ட் நர்ஸ், என்னை ஃபாலோ பண்றவங்களுக்குத் தெரியும். நான் வர லேட்டான ஒரு நாள் எங்க வீட்டுக்காரர் அந்த லைவ்ல காட்டின மாதிரியேதான் கட்டிக் குடுத்தாரு. சாயங்காலம் டப்பாவைத் தொறந்தா ஓரம் மட்டும் கொறிச்சிருக்கு, நடுவுல பிரெட் முழுக்க ஊதா கலர்ல ஊறி, விரல் வெச்சா உள்ள போகுது. "அம்மா, ஈரமா இருந்துச்சு, சாப்பிட முடியல"ன்னான். அன்னைக்கு ஸ்கூல்ல என் பிள்ளை பட்டினி. உங்களுக்கு இது சிரிப்பு.

எனக்கு இதைக் கத்துக் குடுத்தது கூட வேலை பாக்கற, அமெரிக்காவுல ஒஹாயோ மாநிலத்துக்காரம்மா ஒருத்தங்க, ரிட்டயர் ஆகப்போற வயசு. ராத்திரி மூணு மணிக்கு பிரேக் ரூம்ல டப்பாவைத் தொறப்பாங்க, சாயங்காலம் கட்டின சாண்ட்விச் அப்பதான் செஞ்ச மாதிரி இருக்கும். பிரெட் பாக்கெட்டுல அடுத்தடுத்து இருக்கற ரெண்டு ஸ்லைஸைத்தான் எடுப்பாங்க, அப்பதான் ஓரத்தோட ஓரம் சரியா பொருந்தும். பீநட் பட்டரை ஸ்பூனோட முதுகால நடுவுலேருந்து வெளிய, தோசைக்கு மாவு இழுக்கற மாதிரி, ஒரு ஸ்லைஸுக்கு ஒரு டேபிள்ஸ்பூன், ஓரம் வரைக்கும். ஜெல்லி மட்டும் ஓரத்துலேருந்து அரை இஞ்ச் உள்ளயே நின்னுடணும், அப்பதான் மேல் பீநட் பட்டரும் கீழ் பீநட் பட்டரும் சுத்தி ஒட்டிக்கிட்டு ஜெல்லியை உள்ள பூட்டிடும். டோஸ்ட் பண்ணக் கூடாது, டப்பாவுல அது தோல் மாதிரி ஆயிடும். ஃபிரிட்ஜ்ல வெச்ச கெட்டி பீநட் பட்டரை அப்படியே எடுத்துத் தேய்ச்சா பிரெட் கிழியும், முன்னாடியே எடுத்து வெளிய வெச்சிடுங்க.

"இதெல்லாம் ஓவர், எங்க போட்டு எப்படித் தடவினா என்ன"ன்னு ஒரு தம்பி கேட்டிருந்தாரு. தம்பி, கடையில ஃப்ரீஸர்ல அன்க்ரஸ்டபிள்ஸ்னு வட்டமா ரெடிமேட் சாண்ட்விச் விக்குதே, அதுக்கு 1999-ல அமெரிக்காவுல பேட்டன்ட்டே (காப்புரிமை) குடுத்தாங்க. அதுல இருக்கறது என்ன தெரியுமா? மேலயும் கீழயும் பீநட் பட்டர், நடுவுல ஜெல்லி, பிரெட் ஊறாம இருக்கணும்னு. 2005-ல அதை விக்கற ஸ்மக்கர்ஸ் கம்பெனி அந்த பேட்டன்ட்டை இன்னும் விரிச்சுக் கேட்டப்போ கோர்ட் குடுக்கல, அது வேற கதை. ஆனா ஒரு கம்பெனி பேட்டன்ட் வாங்கற அளவுக்கு யோசிச்ச விஷயத்தை நான் சொன்னா மட்டும் ஓவரா?

அதே மாதிரி "இது சமையலே இல்ல"ன்னும் சொல்லாதீங்க. 1901-லயே ஜூலியா டேவிஸ் சாண்ட்லர்னு ஒரு அம்மா பாஸ்டன் சமையல் பத்திரிகையில மூணு மெல்லிசு பிரெட் அடுக்கு, நடுவுல ஒண்ணுல கடலை விழுது, ஒண்ணுல ஜெல்லின்னு எழுதியிருக்காங்க. அவங்க அடுக்கைப் பத்திதான் பேசியிருக்காங்க. நானும் அதைத்தான் பேசறேன்.

கிரேப்பா ஸ்ட்ராபெரியான்னு சண்டை போட்டவங்க கிட்ட எனக்கு சண்டை இல்ல, எது வேணா போடுங்க. சர்க்கரை ஜாஸ்தின்னு சொல்றவங்க கடலையும் உப்பும் மட்டும் போட்ட பீநட் பட்டரா பாத்து வாங்கிக்கோங்க, ஜெல்லியைக் கொறைச்சுக்கோங்க, அவ்ளோதான். அலர்ஜி பத்திக் கேட்டவங்க கேள்வி மட்டும் நூத்துக்கு நூறு நியாயம். எமர்ஜென்சிக்கு மூச்சு வாங்கிட்டு வர்ற குழந்தைகளைப் பாத்தவ நான். கடலை கூடாதுன்னு ஸ்கூல் சொன்னா கூடாது, அதுல பேச்சே இல்ல. சூரியகாந்தி விதை பட்டர்ல இதே மாதிரி ரெண்டு பக்கமும் தடவிக் குடுங்க.

ஆனா லைவுக்குக் கீழ ஒரு அக்கா போட்ட கமெண்ட். "ரெண்டு இட்லி அவிச்சுக் குடுக்க சோம்பேறித்தனம், இதுல வியாக்கியானம் வேற." அக்கா, பன்னெண்டு மணி நேரம் நின்னுட்டு வர்றவளுக்கு சோம்பேறின்னு பேரா? இட்லியும் குடுத்தேன். ஆறிப்போன இட்லியை வெச்சுக்கிட்டு உக்காந்திருந்தான், லஞ்ச் டைமே இருபத்தஞ்சு நிமிஷம்தான், பக்கத்துப் பிள்ளைங்க பேசி சிரிச்சு முடிச்சுட்டு வெளயாட ஓடிடுதுங்க. அவனே வந்து கேட்டான், இது வேணும்னு. கடலையும் இனிப்பும் சேந்தா நமக்கு ஆகாதுன்னா கோவில்பட்டி கடலை மிட்டாய் தின்னு வளர்ந்த நாம யாரு? ஊருக்குப் போனா பை பையா வாங்கிட்டு வர்றோமே, அது மட்டும் பாசம், இது சோம்பேறித்தனமா?

ராத்திரி எல்லாம் யாரோ ஒருத்தரோட அம்மாவுக்கு துணி மாத்திட்டு, மருந்து குடுத்துட்டு, காலைல யூனிஃபார்மோடயே கிச்சன்ல நின்னு ஓரம் வரைக்கும் தடவறேன் நான். ஊறக் கூடாதுன்னு. என் பிள்ளை முழுசா சாப்பிடணும்னு. அதுல அக்கறை இல்லைன்னு யார் சொன்னாலும் ஏத்துக்க மாட்டேன்.

அந்த கமெண்ட்டுக்கு லைக் போட்டவங்கள்ல ரெண்டு பேர் எங்க வீட்டுக்கு வந்து தங்கிட்டுப் போனவங்க. பேர் சொல்லல, நீங்களே பாத்துக்கோங்க. ஆனா போன சம்மர்ல பீச்சுக்குப் போறப்போ நான் கூடையில கட்டி எடுத்துட்டு வந்ததை உங்க பிள்ளைங்க "ஆன்ட்டி இன்னொண்ணு"ன்னு கேட்டு வாங்கித் தின்னாங்களே, நீங்களும் பக்கத்துல உக்காந்து ஆளுக்கு ஒண்ணு எடுத்தீங்களே. அப்போ ஏன் ஒரு வார்த்தை சொல்லல?