பெயின்ட் வழிந்த அந்தக் கார்தான் நடுவில் நிற்க வேண்டும்

போன நவம்பரில் டெட்ராய்ட் பக்கத்திலிருந்து ஐந்து மணி நேரம் ஓட்டிக்கொண்டு ரோஸ்மாண்ட் போனேன். சிகாகோவின் ஓஹேர் விமான நிலையத்தை ஒட்டிய சின்ன ஊர். ஆண்டுதோறும் நவம்பரில் அங்குள்ள கண்காட்சி அரங்கில் ‘மசில் கார் அண்ட் கார்வெட் நேஷனல்ஸ்’ நடக்கும். அறுபதுகளிலும் எழுபதுகளின் தொடக்கத்திலும் அமெரிக்காவில் வந்த பெரிய எஞ்சின் கார்களில் அபூர்வமானவை நூற்றுக்கணக்கில் ஒரே கூரைக்குக் கீழே வந்து நிற்கும். வீடு திரும்பியதிலிருந்து ஒரு விஷயம் மனதை அரித்துக்கொண்டே இருக்கிறது. எழுதிவிடுகிறேன்.

நல்ல வெளிச்சம் விழும் இடத்தில் ஒரு 1970 பிளிமத் ஹெமி குடா நின்றது. ‘ஹெமி’ என்ற 426 கன அங்குல எஞ்சின், நமக்குப் பழகிய கணக்கில் ஏழு லிட்டர். கம்பெனி அறிவித்த சக்தி 425 குதிரைத்திறன். அந்த ஆண்டு ஹெமி எஞ்சினோடு வந்த குடாக்களில் நிலையான கூரை உள்ளவை 652, கூரை மடங்கும் வகை வெறும் 14. அப்படிப்பட்ட வண்டி. சுற்றிலும் கயிறு. தரையில் கண்ணாடி பதித்து வண்டியின் அடிவயிறும் தெரியும்படி செய்திருந்தார்கள். அச்சு, ஸ்பிரிங், புகைக்குழாய் எல்லாம் நேற்று வாங்கிய எவர்சில்வர் பாத்திரம் மாதிரி மின்னின. எனக்கும் பிடித்திருந்தது. பத்து நிமிடம் நின்று பார்த்தேன்.

அப்புறம் அரங்கின் ஓரத்துக்குப் போனேன். அங்கே இன்னொரு குடா. கத்தரிப்பூ நிறம், அதே 1970, மூன்று கார்புரேட்டர் வைத்த 440 எஞ்சின். தொழிற்சாலையில் அடித்த பெயின்ட் அப்படியே இருந்தது. பானெட்டில் நிறம் வெளிறி, ஓட்டுநர் சீட்டின் ஓரம் கிழிந்து, கதவிடுக்கில் பொட்டுப்பொட்டாகத் துரு. வயதான ஒருவர் குனிந்து கதவின் கீழ்விளிம்பை டார்ச் அடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். என்ன பார்க்கிறீர்கள் என்று கேட்டேன். பெயின்ட் ஒரு சொட்டாக வழிந்து உறைந்திருந்த இடத்தைக் காட்டினார். இளவயதில், டெட்ராய்ட்டை ஒட்டிய ஹாம்ட்ராமிக்கில் இந்தக் குடாக்களைச் செய்த டாட்ஜ் மெயின் தொழிற்சாலையில் வேலை பார்த்தவராம். “அந்தக் கண்ணாடி மேல் நிற்கிற வண்டி அழகு. ஆனால் நாங்கள் அப்படி ஒன்று செய்ததே இல்லை. நாங்கள் செய்தது இது” என்றார்.

டாட்ஜ் மெயின் 1980-லேயே மூடப்பட்டுவிட்டது. அங்கே வேலை செய்தவர்களின் கைத்தடம் இன்று எங்கே இருக்கிறது என்றால், இந்த மாதிரி யாரும் தொடாமல் விட்ட கார்களில்தான் இருக்கிறது.

இந்தக் கார்கள் எப்படி வந்தன என்று தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்கிறேன். நடுத்தர அளவுள்ள கார்களில் 330 கன அங்குலத்துக்கு மேல் எஞ்சின் வைக்கக் கூடாது என்று ஜெனரல் மோட்டார்ஸில் ஒரு விதி இருந்தது. அதன் ஒரு பிரிவான பாண்டியாக்கில் ஜான் டிலோரியனும் கூட இருந்த பொறியாளர்களும், வேண்டியவர்கள் தேர்ந்தெடுக்கும் கூடுதல் வசதி என்ற பெயரில், 389 கன அங்குல எஞ்சினை டெம்பெஸ்ட் என்ற நடுத்தரக் காருக்குள் வைத்தார்கள். அதுதான் 1964-ன் ஜிடிஓ. முதல் ஆண்டிலேயே 32,450 விற்றது. மற்ற கம்பெனிகள் சும்மா இருக்குமா? ஆறேழு வருடம் போட்டி அனல் பறந்தது. பிறகு இன்சூரன்ஸ் கட்டணம் ஏறியது, புகைக் கட்டுப்பாடு வந்தது, 1973-ல் எண்ணெய் நெருக்கடி. ஆட்டம் முடிந்தது.

இன்று ‘அபூர்வம்’ என்று பலகை வைக்கும் வண்டிகளில் பல, அன்று யாரும் சீண்டாதவை. 1969 செவர்லே கமாரோ இஸட்எல்1 மொத்தம் 69 தான். முழுக்க அலுமினிய 427 எஞ்சின். இல்லினாய் மாநிலத்தின் லா ஹார்ப் என்ற சிற்றூரில் இருந்த ஒரு டீலர் 50 வண்டி ஆர்டர் கொடுத்தார். விலைச்சீட்டு 7,200 டாலருக்குப் பக்கத்தில் வந்து நின்றது. அந்த விலைக்கு அவரால் விற்க முடியாமல் பெரும்பாலானவற்றைக் கம்பெனியிடமே திருப்பி அனுப்பினார். 1970 பிளிமத் சூப்பர்பேர்டும் அப்படித்தான். கூர்மூக்கும், பின்னால் உயரமான ஒரு இறக்கையும் வைத்த பந்தயக் கார். ஷோரூமில் தூங்கியது. மூக்கையும் இறக்கையையும் கழற்றிவிட்டுச் சாதாரண பிளிமத் ரோட் ரன்னர் காராக விற்றுத் தள்ளிய டீலர்களும் உண்டு.

என் ஆதங்கத்துக்கு வருகிறேன். பெரிய கண்காட்சிகளில் பரிசும் நடு இடமும் எதற்குக் கிடைக்கின்றன என்பதைப் பார்த்துத்தான் உரிமையாளர்கள் தங்கள் ஷெட்டில் என்ன செய்வது என்று முடிவு செய்கிறார்கள். பளபளப்புக்கே எப்போதும் மேடை என்றால், ஐம்பது வருடம் தப்பிப் பிழைத்த ஒரு ஒரிஜினல் வண்டியையும் பிரித்து, மணல் வீச்சு அடித்து, பட்டி பார்த்து, புதுப் பெயின்ட் ஏற்றிவிடுவார்கள். நம் ஊர்க் கோயில்களில் திருப்பணி என்று மணல் வீச்சு அடித்துக் கல்வெட்டு எழுத்துகள் மழுங்கிப் போனதைப் பார்த்தவர்களுக்கு இந்த வலி புரியும். இங்கேயும் அதே மெஷின்தான்.

போவது பெயின்ட் மட்டும் என்று நினைக்க வேண்டாம். தொழிற்சாலையில் பரிசோதித்தவர்கள் அச்சிலும் எஞ்சின் அறைச் சுவரிலும் சாக்கட்டியால் கிறுக்கிய குறிகள், போல்ட்டை முறுக்கியதற்கு அடையாளமாக இட்ட பெயின்ட் தீற்றல்கள், அடிப்பாகத்தில் பிரைமர் மேல் ஓரமாகப் படிந்த நிறம் எல்லாம் போய்விடும். இந்த வண்டிக்கு என்னென்ன மாட்ட வேண்டும் என்று தொழிலாளிக்குச் சொல்லும் பில்ட் ஷீட் என்ற தாள், பல வண்டிகளில் சீட் ஸ்பிரிங்குக்குள்ளோ பெட்ரோல் டேங்க்கின் மேலோ செருகியபடியே கிடக்கும். பழைய சீட்டைத் தூக்கிப் போட்டால் அதுவும் குப்பைக்குப் போகும். 1970 செவர்லே செவல் எஸ்எஸ் வண்டியில் 450 குதிரைத்திறன் எல்எஸ்6 எஞ்சின் வந்ததா என்பதை சேஸிஸ் எண் சொல்லாது. அதனால் அந்தத் தாள் இருந்தால் அது அசல். இல்லாவிட்டால் ஆயுள் முழுக்கச் சந்தேகம்.

2018 ஜனவரியில் டெட்ராய்ட் ஆட்டோ ஷோவில் ஒரு பச்சை மஸ்டாங்கைப் பார்த்தேன். ஹாலிவுட் நடிகர் ஸ்டீவ் மெக்குயின் 1968-ல் வந்த ‘புல்லிட்’ படத்தில் சான் பிரான்சிஸ்கோ மேடுகளில் ஓட்டிய அதே வண்டி. 1974-ல் வாங்கிய குடும்பம் அதைச் சாதாரண வீட்டு வண்டியாக வைத்திருந்தது. அந்த வீட்டு அம்மா பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்த அதில்தான் போய்வந்தார். 1977-ல் மெக்குயினே கடிதம் எழுதிக் கேட்டும் அவர்கள் கொடுக்கவில்லை. பெயின்ட் மங்கி, அங்கங்கே நெளிந்து, படப்பிடிப்புக்குக் கேமரா மாட்டுவதற்காகப் பற்றவைத்த குழாய்கள் உட்பட அப்படியே நின்றது. 2020 ஜனவரியில் ஃப்ளோரிடாவின் கிஸ்ஸிமியில் நடந்த ஏலத்தில் கட்டணமெல்லாம் சேர்த்து 37 லட்சத்து 40 ஆயிரம் டாலருக்குப் போனது. நடுவில் யாராவது ஆசையாக டிங்கரிங் பார்த்து மெருகேற்றியிருந்தால்? நினைத்தாலே பதறுகிறது.

ரெஸ்டோரேஷனே கூடாது என்று நான் சொல்லவில்லை. மிச்சிகன் குளிர்காலத்தில் சாலையில் கொட்டும் உப்பு, வண்டியின் தரைத்தகட்டைச் சல்லடையாக்கிவிடும். அப்படி அரித்துப்போன வண்டியைக் காப்பாற்ற வேறு வழி கிடையாது. அதைச் செய்பவர்களின் கைத்திறமை மேல் எனக்குப் பெரிய மரியாதை உண்டு. அந்தச் சாக்கட்டிக் குறிகளைக்கூட அதே இடத்தில் அதே சாய்வில் திரும்ப வரைகிறார்கள். ஆனால் எதைப் பார்த்து வரைகிறார்கள்? யாரும் தொடாத இன்னொரு வண்டியைப் பார்த்துத்தானே? அந்த மூலமும் போய்விட்டால் நாளைக்கு நகலின் நகலைப் பார்த்து நகல் எடுப்பார்கள்.

ரோஸ்மாண்ட்டில் களஞ்சியங்களிலும் கொட்டகைகளிலும் கண்டெடுத்த வண்டிகளைத் தூசி தட்டாமல் அப்படியே நிறுத்த ஒரு பகுதி வைத்திருக்கிறார்கள். நல்ல விஷயம், கூட்டமும் அங்கே நிறைய. எல்லாப் பெரிய கண்காட்சிகளும் இதைச் செய்யட்டும், வாசலிலேயே செய்யட்டும். எந்தப் பாகம் எப்போது மாறியது, எஞ்சின் இந்த வண்டியோடு பிறந்ததா என்று பலகையில் ஒளிக்காமல் எழுதட்டும். முடிந்தால் தினமும் ஒரு முறை வெளியே தள்ளி ஸ்டார்ட் செய்து காட்டட்டும். ஆகஸ்ட் மூன்றாம் சனிக்கிழமை டெட்ராய்ட்டின் புறநகர் வழியாகப் போகும் உட்வர்ட் அவென்யூவில், 1995 முதல் நடக்கிற ட்ரீம் குரூஸ் என்ற பழைய கார்கள் ஊர்வலத்தில், ஹெமியின் உறுமலைத் தெருவோரம் நாற்காலி போட்டு உட்கார்ந்து கேட்டவன் நான். சத்தம் நெஞ்சுக்கூட்டில் வந்து இடிக்கும். கயிற்றுக்குப் பின்னால் நிற்கும் வண்டியிடம் அது கிடைப்பதில்லை.

கிளம்பும்முன் அந்தக் கத்தரிப்பூ நிறக் குடாவின் உரிமையாளரிடம் பேசினேன். அப்பா வாங்கிய வண்டி என்றார். இரண்டு நாளும் நின்றவர்களில் பாதிப் பேர், பெயின்ட் அடித்தால் எப்படி இருக்கும் தெரியுமா என்று கேட்டார்களாம். குளிர்காலத்தில் ஷெட்டுக்கு அனுப்பலாமா என்று அவருக்கும் யோசனை. தயவுசெய்து வேண்டாம் என்று சொன்னேன். டார்ச் அடித்துப் பார்த்த பெரியவரைப் பற்றியும் சொன்னேன். அவர் குனிந்து அந்தச் சொட்டை விரலால் தடவிப் பார்த்தார். இத்தனை வருடத்தில் அதைக் கவனித்ததே இல்லையாம்.

வரும் நவம்பரில் திரும்பப் போகிறேன். முதலில் அந்தக் கதவைத்தான் தேடுவேன்.