தெரியாமல் செய்தார்களா?
எண்ணெயை எரிப்பதால் புவி வெப்பமாவது பற்றி நீங்கள் வெளியிட்ட கட்டுரையில், "அந்தக் காலத்தில் யாருக்குத் தெரியும்" என்று எண்ணெய் நிறுவனங்களுக்காகக் கட்டுரையாளர் பரிந்து பேசுவதை ஏற்க முடியவில்லை. அமெரிக்க எண்ணெய் நிறுவனமான எக்ஸானின் விஞ்ஞானிகள் 1977 முதல் 2003 வரை முன்வைத்த புவி வெப்பக் கணிப்புகளை, பிறகு உண்மையில் பதிவான வெப்பநிலையோடு ஒப்பிட்டது ஹார்வர்ட் ஆய்வாளர் ஜெஃப்ரி சுப்ரானின் குழு. அந்த ஆய்வு 2023 ஜனவரியில் சயன்ஸ் இதழில் வந்தது. கணிப்புகளில் 63 முதல் 83 சதவீதம் வரை சரியாக இருந்தனவாம்! பத்தாண்டுக்குச் சுமார் 0.2 டிகிரி செல்சியஸ் கூடும் என்று அன்றே கணக்குப் போட்டுவிட்டார்கள். உள்ளே இந்தக் கணக்கு, வெளியே "அறிவியல் இன்னும் உறுதியாகவில்லை" என்ற பேச்சு. தெரிந்தே மறைத்தது என்ற குற்றச்சாட்டை நிறுவனம் மறுக்கிறது. மறுக்காமல் இருந்தால்தான் ஆச்சரியம். சம்பளம் கொடுத்தவர் யாராக இருந்தாலும் அந்த விஞ்ஞானிகள் வேலையைச் சுத்தமாகச் செய்திருக்கிறார்கள், அதைச் சொல்லியாக வேண்டும். "யாருக்குத் தெரியும்" என்ற வரியை மட்டும் திருத்திவிடுங்கள்.