தண்ணீர் கலந்தால் பசுமையாகிவிடாது

"குரோமிக் அமிலத்தில் பத்து மடங்கு தண்ணீர் கலந்து சிங்க்கில் விட்டால் போதும், அதுதான் பசுமை வேதியியல்" என்று, ஆய்வகத்தில் குடுவை கழுவப் பயன்படும் குரோமிக் அமிலத்தை அகற்றுவது பற்றி ஒருவர் எழுதியிருக்கிறார். இல்லை தம்பி. செறிவுதான் குறையும், அதிலுள்ள நச்சுக் குரோமியம் அப்படியே இருக்கும். ராணிப்பேட்டையில் குரோமியக் கழிவு நிலத்தடி நீரை என்ன செய்தது என்று வேலூர்ப் பக்கத்து ஆட்களுக்குச் சொல்லவா வேண்டும்?

1998இல் வேதியியலாளர்கள் பால் அனஸ்டாஸும் ஜான் வார்னரும் வகுத்த பசுமை வேதியியலின் 12 கொள்கைகளில் முதலாவதே கழிவை உண்டாக்காமல் தவிர்ப்பதுதான். குரோமியம் உள்ள டைக்குரோமேட் கரைசலை வைத்துச் செய்யும் தரம்பார்த்தலில் (டைட்ரேஷன்) 20 மி.லி.க்குப் பதில் 5 மி.லி. எடுத்து, சின்ன பியூரெட்டில் (அளவுக் குழாய்) செய்தால் கழிவு கால் பங்காகிவிடும். அசிட்டனிலைடு என்ற சேர்மத்தில் புரோமினைச் சேர்க்கும் சோதனைக்கு மூக்கை எரிக்கும் திரவ புரோமின் எதற்கு? பொட்டாசியம் புரோமைடும் செரிக் அமோனியம் நைட்ரேட்டும் அந்த வேலையைச் செய்யும். அப்புறம், குடுவை கழுவப் பெரும்பாலும் சோப்புத்தூளும் பிரஷ்ஷும் போதும். கையிருப்பில் உள்ள பழைய குரோமிக் அமிலத்தைத் தனியாகச் சேர்த்து அபாயக் கழிவாக அனுப்புங்கள்.