டேஷ்போர்டு கடகடப்புக்கு டபிள்யூ.டி.40 தீர்வு இல்லை

"டேஷ்போர்டு இடுக்குல டபிள்யூ.டி.40 (துரு நீக்க, உராய்வு குறைக்க அடிக்கிற ஸ்ப்ரே எண்ணெய்) அடிச்சா சத்தம் நிரந்தரமா போயிடும்"னு ஒருத்தர் சொல்லியிருக்கார். போகாதுங்க. கொஞ்ச நாள் அடங்கும், அவ்வளவுதான். அதுல இருக்கிற கரைப்பான் ஆவியாயிடும், மிச்ச எண்ணெயில தூசி ஒட்டும். பாலிகார்பனேட்ங்கிற பிளாஸ்டிக் பாகத்துல பட்டா விரிசலே விடலாம்.

பெரும்பாலும் காரணம் தளர்ந்த கிளிப், இல்லேன்னா பிளாஸ்டிக்கோட பிளாஸ்டிக் உரசுறது. வண்டி ஓடும்போது பக்கத்து சீட்ல இருக்கிறவரை ஒவ்வொரு பேனலா அழுத்திப் பார்க்கச் சொல்லுங்க (ஓட்டுறவர் செய்யவேண்டாம், சாமி!). எங்கே அழுத்தினா சத்தம் நிக்குதோ, கோளாறு அங்கதான். உடைஞ்ச கிளிப்பை மாத்துங்க; உரசுற ஓரத்துல ஃபெல்ட் டேப் (கம்பளித் துணி மாதிரி மெத்துனு இருக்கிற டேப்) ஒட்டுங்க. கர்ட்டன் ஏர்பேக் (மோதினா பக்கவாட்டு ஜன்னல் மேல திரை மாதிரி விரியுற காற்றுப்பை) உள்ள வண்டின்னா பில்லர் பேனலுக்குள்ள (கண்ணாடி ஓரத் தூணை மூடுற பிளாஸ்டிக்) மட்டும் ஸ்பாஞ்ச் திணிக்காதீங்க. ஏர்பேக் விரியுற வழியை மறிச்சிடும்.