பூட்டுறதுக்கு அஞ்சு நிமிஷம் போதும்

நேத்து காலையில வாக்கிங் முடிச்சு டீக்கடையில நின்னப்ப ஒரு சின்னச் சண்டை. அடுத்த தடவை கொரோனா மாதிரி ஒண்ணு வந்தா ஊர்ல முதல்ல எதைப் பூட்டணும்னு பேச்சு. "பார்க்கைத்தான் சார் முதல்ல பூட்டணும், வேலை வெட்டி இல்லாதவன்தான் அங்க வர்றான்"னு ஒரு நண்பர் சொன்னார். கடைசியாப் பூட்ட வேண்டியதே அதுதான்னு நான் சொன்னேன். டீ ஆறிப்போச்சு, பேச்சு முடியலை. மிச்சத்தை இங்க எழுதுறேன். நீளமாத்தான் இருக்கும், பொறுத்துக்கங்க.

என்னைத் தெரியாதவங்களுக்கு: நான் ரிட்டையர்டு பி.டி. மாஸ்டர். சேலத்துல வீட்டுப் பக்கத்துல இருக்குற ஒரு சின்ன பார்க்ல காலையில பெரியவங்களுக்கு உடற்பயிற்சி, சாயங்காலம் பசங்களுக்கு விளையாட்டு சொல்லித் தர்றேன். காசு வாங்குறதில்லை. பொங்கலுக்கு ஒரு வேட்டி தருவாங்க, அதை மட்டும் வேண்டாம்னு சொல்றதில்லை.

2020 மார்ச் கடைசியில கேட்டுல சங்கிலி போட்டாங்க. அப்ப அது தப்புன்னு எனக்கும் தோணலை. வந்திருக்குறது என்னன்னே யாருக்கும் தெரியாது. காய்கறியை மஞ்சத்தண்ணியில கழுவிக்கிட்டும், பால் பாக்கெட்டை வெயில்ல காய வெச்சுக்கிட்டும் இருந்த நாள் அது. எனக்கு வருத்தம் அந்த முதல் பூட்டு மேல இல்லை. பூட்டினவங்க அதை அப்படியே மறந்துட்டாங்க பாருங்க, அது மேலதான்.

ஏப்ரல்ல ஒரு மத்தியானம் பக்கத்துத் தெருவுல ஒரு வீட்டுக்கு மாத்திரை கொடுக்கப் போனேன். பத்துக்குப் பத்து ரூம். ஒரே ஜன்னல், அதுவும் கொசுவுக்குப் பயந்து சாத்தியிருக்கு. உள்ள எட்டுப் பசங்க கேரம் ஆடுறாங்க. எட்டுல நாலு பேர் என்கிட்ட விளையாட வர்ற பசங்க. ஒருத்தன் காயினை அடிச்சா ஏழு பேரும் போர்டு மேல குனிஞ்சு கத்துறான். "வெளிய விடுறதில்லைங்க சார், பத்திரமா உள்ளயே வெச்சிருக்கேன்"னு அந்தம்மா பெருமையாச் சொல்லுச்சு. அந்த வீட்டு வாசல்ல நின்னு பாத்தா எங்க பார்க் தெரியும். அரை ஏக்கர் இடம், வேப்பமரம், காத்து. கேட்டுல சங்கிலி.

அந்த ரூம் இன்னும் என் கண்ணுல இருக்கு. தொத்துறதுக்கு நோயே ஒரு இடம் கட்டிக்கணும்னா அப்படித்தான் கட்டியிருக்கும்.

அப்புறம் ஆய்வுகள் வந்துச்சு. 2020 நவம்பர்ல ஒரு மருத்துவ இதழ்ல அதுவரைக்குமான ஆய்வுகளைத் திரட்டிப் போட்டிருந்தாங்க. பதிவான தொற்றுல திறந்த வெளியில பரவினது 10 சதவீதத்துக்கும் கீழ. வெளியைவிடக் கட்டடத்துக்குள்ள பரவுற வாய்ப்பு 18 மடங்குக்கும் மேல. தொட்ட பொருள் வழியாத் தொத்துற வாய்ப்பு பொதுவா 10,000-ல ஒண்ணுக்கும் கீழன்னு அமெரிக்காவோட நோய்த் தடுப்பு மையம் 2021 ஏப்ரல்ல சொல்லுச்சு. நாம அதுவரைக்கும் என்ன பண்ணிக்கிட்டிருந்தோம்? சிமெண்ட் பெஞ்சுக்கு மருந்தடிச்சோம், ஊஞ்சலுக்குச் சுத்திலும் பிளீச்சிங் பவுடர் போட்டோம். பெஞ்சுக்கு நல்ல குளிப்பாட்டு, காத்துக்கு மட்டும் பூட்டு.

எங்க பாட்டி காலத்துல அம்மை போட்ட வீட்டு வாசல்ல வேப்பிலை செருகுவாங்க. அந்த வீட்டுக்குள்ள வெளியாள் போகமாட்டான். ஆனா தெருவுல இருக்குற புளியமரத்தடியை யாரும் கட்டி வைக்கலை. நோயாளியைத் தனியா வைக்கணும்னு அவங்களுக்குத் தெரிஞ்சிருந்துச்சு, மரத்தடியை எதுக்குத் தனியா வைக்கணும்னு விட்டுட்டாங்க.

டீக்கடை நண்பர் கேட்டது நியாயமான கேள்விதான். "தொறந்து விட்டா கூட்டம் கூடுமே?" கூடும். ஆனா கூட்டத்தை உண்டாக்குறதே பல சமயம் நாம போடுற நேரக் கணக்குதான். 2020 ஏப்ரல் 26-லிருந்து 28 வரைக்கும் சேலத்துக்கும் திருப்பூருக்கும் முழு ஊரடங்குன்னு அறிவிச்சாங்களே, ஞாபகம் இருக்கா? 25-ஆம் தேதி கடைத்தெருவுல நின்னவங்களுக்கு மறக்காது. மூணு நாள் கூட்டத்தைத் தவிர்க்கப் போயி, மூணு நாள் கூட்டத்தையும் ஒரே நாள்ல கூட்டினோம்.

பார்க்குக்கும் அதே கதை. 2021 ஜூன்ல ரெண்டாவது அலை இறங்குறப்ப 27 மாவட்டத்துல நடைப்பயிற்சிக்கு மட்டும் காலையில 6-லிருந்து 9 வரைக்கும் பார்க் திறக்கலாம்னு உத்தரவு வந்துச்சு. தொற்று அதிகமா இருந்த 11 மாவட்டத்துக்கு இல்லை. நாம அந்த 11-ல. தர்மபுரியில இருக்குற என் தங்கச்சி மகன் போன் பண்ணி, "மாமா, இங்க தொறந்துட்டாங்க, ஆனா நிக்க இடமில்லை"ங்கறான். இருக்காதா பின்னே? நாள் முழுக்கப் பிரிஞ்சு வர்றவங்களை மூணு மணி நேரத்துக்குள்ள திணிச்சா திருவிழாதான். காலையில 5-லிருந்து ராத்திரி 8 வரைக்கும் திறந்து விட்டிருந்தா ஒரு நேரத்துக்குப் பத்துப் பேர்கூட இருக்கமாட்டாங்க.

நியூயார்க்ல டொமினோ பார்க்னு ஒண்ணு. 2020 மே மாசம் புல்தரையில வெள்ளை வட்டம் வட்டமாப் போட்டு, ஒரு வட்டத்துக்கு ஒரு குடும்பம்னு உக்கார வெச்சாங்க. போட்டோ உலகம் பூரா சுத்துச்சு. நம்ம ஊர் ரேஷன் கடை வாசல்ல சுண்ணாம்புல வட்டம் போட்டு நின்னோமே, அதே வித்தைதான். அரிசி வாங்க வட்டம் போடத் தெரிஞ்ச நமக்கு, மூச்சு வாங்க வட்டம் போடத் தோணலை.

இன்னொரு விஷயம் யாரும் பேசுறதில்லை. அப்ப நமக்குக் கவுன்சிலரே கிடையாது. 2016 அக்டோபர்ல பதவிக்காலம் முடிஞ்சது, அடுத்த தேர்தல் 2022 பிப்ரவரி 19. கொரோனாவோட பெரிய அலை ரெண்டும் அதுக்கு நடுவுலயே வந்து போயிடுச்சு. சேலத்துல 60 வார்டு. எந்த வார்டுல எந்த பார்க்கை எப்படித் திறக்கலாம்னு தெருக்காரன் போயி கேக்குறதுக்கு ஒரு ஆள் இல்லை. நான் போன ஒரு அலுவலகத்துல, "சாவி எங்ககிட்ட இல்லைங்க"ன்னாங்க. இன்னொரு இடத்துக்கு அனுப்புனாங்க. அங்கயும் இல்லை. கடைசியில அது பார்க் தோட்டக்காரர் பையிலயே இருந்திருக்கு. அவரை வேற பக்கம் மருந்தடிக்கிற வேலைக்கு அனுப்பிட்டாங்க. முதுகுல டேங்க்கை மாட்டிக்கிட்டு தகரம் அடிச்ச தெருத் தெருவா சுத்தினவர்கிட்ட பார்க்கைப் பத்தி நான் என்னத்தைக் கேக்குறது?

இது அந்த மனுஷங்க மேல குறை இல்லை. ஆள் பத்தாதப்ப தோட்டக்காரர் மருந்தடிக்கத்தான் போவார். ஆனா பார்க்கைத் திறந்து வைக்க ரெண்டு ஆள் வேணும், பூட்டி வைக்க யாருமே வேண்டாம். அதனாலதான் பூட்டு ஜெயிக்குது. அதை நோய்த் தடுப்புன்னு சொல்லிக்கிறோம். பூட்டின பார்க்கும் சும்மா இருக்காது. 2020 செப்டம்பர்ல திறந்தப்ப இடுப்பு உயரத்துக்குப் பார்த்தீனியம், ஊஞ்சல் சங்கிலி துருப்பிடிச்சிருச்சு. தண்ணி இல்லாம நாங்க வெச்ச பதினோரு புங்கங்கன்னுல ஒம்பது செத்துப்போச்சு. சேலத்து சித்திரை வெயிலுக்கு ஊரடங்கு தெரியாதே.

அந்த செப்டம்பர்ல உடற்பயிற்சிக்கும் பயிற்சிக்கும் மட்டும் அனுமதின்னு வந்ததும் பசங்க வகுப்பைத் திரும்பத் தொடங்கினேன். என்ன சொல்லித் தர்றதுன்னு மூணு நாள் யோசிச்சேன். கபடி? வாய்ப்பே இல்லை. மூச்சை இழுத்து எதிராளி மூஞ்சிக்கு நேரா பாடிக்கிட்டே கட்டிப் பிடிச்சு உருளுற ஆட்டம். கோ-கோ? வரிசையா உக்காந்திருக்குறவனை முதுகுல தட்டி எழுப்பணும். அதுவும் வேண்டாம். ரிலேன்னா பேட்டன் கை மாறும்னு முதல்ல யோசிச்சேன், ஆனா அப்புறம் ஆட விட்டேன், தொட்ட பொருளுக்கு அவ்வளவு பயப்பட வேண்டியதில்லைன்னு தெரிஞ்சது.

சிலம்பம்தான் கை கொடுத்துச்சு. நெத்தி உயரக் கம்பு. சுத்துறவன் பக்கத்துல எவனும் ஆறடிக்குள்ள வரமாட்டான், வந்தா மண்டை போயிடும். "இடைவெளி விடு, இடைவெளி விடு"ன்னு நான் தொண்டை கிழியக் கத்த வேண்டியதே இல்லை, கம்பே பாத்துக்குச்சு. எட்டுப் பேர் ஒரு பேட்ச், மூணு பேட்ச், நடுவுல கால் மணி நேரம் இடைவெளி. அவனவன் தண்ணி பாட்டில் அவனவனுக்கு. ஓடுறப்ப மாஸ்க் வேண்டாம், நின்னு பேசுறப்ப போடணும். ஒரு நோட்டுல அன்னிக்கு வந்தவன் பேரும் வீட்டு போன் நம்பரும். பசங்க ஒழுங்கா இருந்தாங்க. தொல்லை கொடுத்தது கேட்டுக்கு வெளிய கூட்டிட்டுப் போக வந்த பெத்தவங்கதான். தாடையில மாஸ்க்கை மாட்டிக்கிட்டு, ஒட்டி ஒட்டி நின்னு, கொரோனாவைப் பத்தியே பேசிக்கிட்டிருப்பாங்க.

ஒரு தடவை ஒரு பையனோட அப்பாவுக்குப் பாசிட்டிவ் வந்துச்சு. நோட்டை எடுத்து அந்த பேட்ச் எட்டு வீட்டுக்கும் ராத்திரியே போன் அடிச்சேன். ரெண்டு வாரம் வகுப்பை நிறுத்தினேன். நல்லாத் திட்டு வாங்கினேன், ஒரு வீட்டுல இன்னும் பேசுறதில்லை. மத்த பசங்களுக்கு ஒண்ணும் ஆகலை. இதை ஆதாரம்னு நான் சொல்லமாட்டேன், எட்டுப் பேரை வெச்சு என்ன ஆதாரம் காட்டுறது. நோட்டு இருந்ததால ராத்திரிக்குள்ள எல்லாருக்கும் சொல்ல முடிஞ்சது, அது மட்டும் எனக்குத் தெரியும்.

எல்லாத்தையும் திறந்து விடுங்கன்னு நான் சொல்றதா எடுத்துக்காதீங்க. ஏசி ஜிம், மூடின ஷட்டில் கோர்ட், இதெல்லாம் பூட்ட வேண்டியதுதான். உத்தரவுகள்ல பூங்கா, நீச்சல் குளம், உடற்பயிற்சிக் கூடம், தியேட்டர்னு ஒரே மூச்சுல எழுதினாங்க பாருங்க, அங்கதான் கோளாறு. கூரை இருக்குற இடத்தையும் இல்லாத இடத்தையும் ஒரே தராசுல வைக்கக்கூடாது.

ஏற்காடும் வேற கணக்கு. 2020 செப்டம்பர்ல மாவட்டம் விட்டு மாவட்டம் போறதுக்கான இ-பாஸை நீக்கின பிறகும் ஏற்காடு, கொடைக்கானல், நீலகிரிக்கு மட்டும் வெச்சிருந்தாங்க. அது சரின்னுதான் இப்பவும் நினைக்கிறேன். பல ஊர்க்காரங்க ஒரே வண்டியில 20 கொண்டை ஊசி வளைவு ஏறி, ஹோட்டல்ல தங்கி, படகுத் துறையில வரிசை நிக்கிறது வேற. தெருமுனை பார்க்ல ஒரு கிழவி நாலு ரவுண்டு நடக்குறது வேற. அங்க கோடை விழா ரெண்டு வருஷம் இல்லாமப் போனதுல மிளகாய் பஜ்ஜி, பலாச்சுளை விக்கிறவங்க பட்ட பாடு பெரிசு. அதுக்கு நிவாரணம் கேக்கலாம், கூட்டம் கேக்க முடியாது.

நடக்குறதைப் பொழுதுபோக்குன்னு நினைக்கிறவங்களுக்கு ஒண்ணு. எங்க காலைக் குழுவுல முப்பத்தி ரெண்டு பேர்ல பத்தொம்பது பேருக்குச் சக்கரை. பூட்டின மாசங்கள்ல சிலர் மொட்டை மாடியில நடந்தாங்க, சிலர் விடியக்காலம் நாலரைக்கு சர்வீஸ் ரோட்டுல லாரிக்கும் நாய்க்கும் நடுவுல நடந்தாங்க. ரெண்டு பேர் நடக்குறதையே விட்டுட்டாங்க. 65 வயசுக்கு மேல, 10 வயசுக்குக் கீழ வீட்டுலயே இருங்கன்னு சொன்ன காலம். பார்க் யாருக்கு ரொம்பத் தேவையோ அவங்களைத்தான் முதல்ல வெளிய தள்ளினோம். காலையில ஒரு மணி நேரத்தை அவங்களுக்குன்னு ஒதுக்கியிருந்தா போதும்.

இப்ப கவுன்சிலர் இருக்காங்க. அதனால கேக்குறேன். ஒவ்வொரு வார்டுலயும் எந்த பார்க், யார்கிட்ட சாவி, தோட்டக்காரரை வேற வேலைக்கு அனுப்பினா பதிலுக்கு எந்த வாக்கர்ஸ் குழு பொறுப்பு எடுக்கும், எந்த கேட்டு உள்ள போக, எந்த கேட்டு வெளிய வர. இதை எழுதி ஒட்டி வைக்க ஒரு தாள் போதும். அதோட, 3,000 சதுர மீட்டருக்கு மேல லே-அவுட் போட்டா 10 சதவீதம் பொது இடம் விடணும்னு விதி. அப்படி விட்ட எத்தனை இடத்துல இன்னிக்குப் போர்டும் முள்ளும் மட்டும் நிக்குது? அதைச் சுத்தம் பண்ணினா, தெருவுக்கு ஒரு மரத்தடி கிடைக்கும். ஒரே பெரிய பார்க்ல எல்லாரும் போயி மோத வேண்டியதில்லை.

எங்க வார்டுல இதை எழுதிக் கொடுத்துட்டேன். "பாக்கலாம் சார்"னு பதில் வந்திருக்கு. பேட்ச் நேரம், விளையாட்டுப் பட்டியல் எல்லாம் அந்தப் பழைய நோட்டுல இருக்கு. உங்க பார்க்குக்கு வேணும்னா இன்பாக்ஸ்ல கேளுங்க, போன் நம்பர் இருக்குற பக்கத்தை விட்டுட்டு மத்ததைப் போட்டோ எடுத்து அனுப்புறேன். டீக்கடை நண்பரும் நேத்து சாயங்காலமே கேட்டார். ஒத்துக்கிட்டாருன்னு நினைக்காதீங்க, அவர் பேரனுக்குச் சிலம்பம் கத்துக்கணுமாம்.