நெல்லுக்குச் சக்களத்தி வந்த கதை

எட்டாவது படிக்கும்போது அரைப்பரீட்சை லீவில் அத்தை வீட்டுத் தாளடி வயலுக்குக் களை பறிக்கப் போனேன். போனேன் என்ன, வீட்டில் விட்டால் டிவி முன்னாலேயே கிடப்பேன் என்று இழுத்துக்கொண்டு போனார்கள். அரை மணி நேரம் மும்முரமாகப் பிடுங்கி வரப்பில் குவித்தேன். அத்தை அதைக் கிளறிப் பார்த்துவிட்டு நறுக்கென்று ஒரு குட்டு வைத்தார். "நெல்லைப் புடுங்கிப்புட்டு சக்களத்திய விட்டுட்டு வந்துருக்கான் பாரு!" குவியலில் பாதி நெல்.

நெல்லுச் சக்களத்தி என்பது குதிரைவாலி இனத்தைச் சேர்ந்த ஒரு புல், நெல் வயலில் களையாக முளைப்பது. கதிர் வந்துவிட்டால் யார் வேண்டுமானாலும் அடையாளம் கண்டுவிடலாம், இளம் பயிராக இருக்கும்போதுதான் வம்பு. அத்தை சொல்லித் தந்த அடையாளம் இன்னும் மறக்கவில்லை. இலை தண்டைத் தழுவும் இடத்தை விரித்துப் பார்க்க வேண்டும். நெல்லில் அங்கே மெல்லிய வெள்ளைச் சவ்வு ஒன்று நாக்கு மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும், பக்கத்தில் மயிர் முளைத்த குட்டிக் காதுகள். சக்களத்திக்கு இரண்டுமே கிடையாது, வழித்துவிட்ட மாதிரி இருக்கும். சரி, ஆனால் நாள் முழுக்கக் குனிந்து பறிக்கிறவர்கள் ஒவ்வொரு தூரையும் விரித்தா பார்ப்பார்கள்? பார்வைக்கு வித்தியாசமாகத் தெரிவதைப் பிடுங்குவார்கள், தெரியாதது தப்பிக்கும், தப்பித்தது விதை உதிர்க்கும், அடுத்த போகத்தில் அதன் பிள்ளைகள்தான் வயலில் நிற்கும். இதை நூற்றுக்கணக்கான வருஷம் செய்தால் என்ன ஆகும்?

சீனாவின் யாங்சி ஆற்றுப் படுகையில் ஆனது தெரியும். அங்குள்ள குதிரைவாலிக் களைகளின் மரபணுத் தொகுதிகளை ஆராய்ந்து 2019ல் ஒரு கட்டுரை வந்தது. வயலுக்கு வெளியே வளரும் சாதாரண வகை தரையோடு படர்ந்து கிடக்கும், அடித்தண்டு சிவப்பு. நெல் வயலுக்குள் இருப்பதோ நெல்லைப் போலவே நிமிர்ந்து தூர் கட்டும், அடியும் பச்சை. இந்த வேஷம் சுமார் ஆயிரம் வருஷத்துக்கு முன் உருவாகியிருக்கலாம் என்கிறார்கள்.

வேஷம் என்று நானே எழுதிவிட்டேன் பாருங்கள், இந்த வார்த்தைதான் ஆளைக் கவிழ்ப்பது. புல் எந்த வேஷமும் போடவில்லை. "பிழைப்பதற்காகத் தன்னை மாற்றிக்கொண்டது" என்று டிவியிலும் வாட்ஸப்பிலும் சொல்கிறார்களே, எனக்குப் பற்றிக்கொண்டு வரும். எந்தச் செடியும் தன்னை மாற்றிக்கொள்ளவில்லை. சிவப்பாக இருந்தது சிவப்பாகவே பிடுங்கப்பட்டுச் செத்தது, கொஞ்சம் பச்சையாகப் பிறந்தது பிழைத்தது, அவ்வளவுதான்.

இப்போது சொல்லுங்கள், இது இயற்கைத் தேர்வா, செயற்கைத் தேர்வா? நான் படித்த பாடப்புத்தகத்தில் ரெண்டும் தனித்தனித் தலைப்பு. காடும் பஞ்சமும் நோயும் சலித்தெடுப்பது ஒரு பக்கம், மனுஷன் வேண்டியதைப் பொறுக்கி வளர்த்த நாயும் புறாவும் கோதுமையும் மறுபக்கம். தேர்ந்தெடுத்தது மனுஷக் கைதான், ஆனால் அந்தக் கை விரும்பியதற்கு நேர் எதிரான செடியை அல்லவா வளர்த்துவிட்டிருக்கிறது! இவ்வளவு கறாராகக் கோடு போடுவதே தப்பு என்பது என் கட்சி. டார்வினே 1859ல் தன் புத்தகத்தை வீட்டு விலங்கு, தோட்டச் செடியில் இருந்துதான் ஆரம்பிக்கிறார், திட்டமே இல்லாமல் மனிதர்கள் செய்யும் தேர்வைத் தனியாகவும் பேசுகிறார். அந்தப் பகுதி ஏனோ நம் வகுப்பறைக்கு வந்து சேரவில்லை.

ரஷ்யாவின் தாவர விஞ்ஞானி வவிலோவ் இன்னும் ஒரு படி மேலே போனார். ரை தானியம் முதலில் கோதுமை வயலில் களையாக இருந்தது, கோதுமை தாங்காத குளிர் நிலத்தில் அதுவே பயிராகிவிட்டது என்றார். (அந்த மனுஷன் 1943ல் ஸ்டாலின் சிறையில் பட்டினியில் செத்தார். பயிர்களைப் படித்தவருக்கு அப்படி ஒரு சாவு.) நம்மூரில் சிறுதானியம் என்று பாக்கெட் போட்டு விற்கிற குதிரைவாலியும் நம் சக்களத்தியின் குடும்பம்தான். ஒருத்தியை வீட்டுக்குக் கூட்டி வந்து பொங்கல் வைத்தோம், இன்னொருத்தியைச் சக்களத்தி என்று துரத்திக்கொண்டே இருக்கிறோம்.

அப்புறம் களைக்கொல்லி வந்தது. புரோபனில் என்ற மருந்து நெல்லை ஒன்றும் செய்யாது, ஏனென்றால் நெல்லுக்குள் இருக்கும் ஒரு நொதி அதை உடைத்துவிடும். களைக்கு அது போதுமான அளவு இல்லை, செத்துவிடும். அமெரிக்காவில் ஆர்கன்சா நெல் வயல்களில் வருஷா வருஷம் இதையே அடித்தார்கள். 1990 வாக்கில் சாகாத புற்கள் தெரிய ஆரம்பித்தன. சோதித்துப் பார்த்தால், அவையும் அதே வகை நொதியால் மருந்தை உடைக்கின்றன! முன்பு கண்ணுக்குத் தப்பியது நெல்லின் தோற்றத்தோடு இருந்த புல், இப்போது மருந்துக்குத் தப்புவது உள்ளுக்குள்ளும் நெல் மாதிரி வேலை செய்யும் புல். இதைப் படித்த அன்று ராத்திரி சரியாகத் தூங்கவில்லை, பயத்தில் இல்லை, ஆச்சரியத்தில்.

அத்தை வயலிலும் இப்போது மருந்துதான், களை பறிக்க ஆள் கிடைப்பதில்லை. போன தடவை ஊருக்குப் போனபோது வரப்போரம் சந்தேகமாக நின்ற ஒரு தூரை விரித்துப் பார்த்தேன். நாக்கும் இல்லை, காதும் இல்லை. பிடுங்கி வரப்பில் போட்டுவிட்டு வந்தேன்.